வீட்டில் இசை அமைக்க எந்த லேப்டாப் வாங்கலாம்?

"லேப்டாப் வாங்கப் போகிறேன். அதிலேயே பாட்டும் பதிவு செய்ய வேண்டும். எதை வாங்கலாம்?" ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் கற்றுத் தரும் என்னிடம் அண்மைக் காலமாக அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்களில் திருவிழாவில் பம்பை அடிப்பவர் உண்டு. கல்லூரியில் படித்துக்கொண்டே மெட்டுப் போடும் மாணவர் உண்டு. தன் பாட்டி பாடும் கும்மிப் பாடல்களைப் பதிவு செய்து வைக்க விரும்பும் பேரன் பேத்திகளும் உண்டு.

இங்கு வாழும் மலையாளி பழங்குடி மக்கள் (கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்) சாமையும் பலாப்பழமும் தேனும் விற்றுச் சேர்க்கும் பணத்தில் லேப்டாப் வாங்குவது என்பது பல ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கும் காரியம். தவறாக வாங்கிவிட்டால் உடனே மாற்ற முடியாது. அதற்குள் பாடத் தெரிந்த பெரியவர்களுக்கும் வயது ஏறிவிடும். எனவே கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கு பார்க்கலாம். மலையில் இல்லாத வாசகர்களுக்கும் இவை பொருந்தும்.

முதலில் பணத்தைப் பிரியுங்கள்

பெரும்பாலானவர்கள் கையில் உள்ள பணம் முழுவதையும் லேப்டாப்பிலேயே போட்டுவிடுகிறார்கள். பிறகு லேப்டாப்பில் உள்ள சிறிய மைக்கிலேயே பாட்டைப் பதிவு செய்கிறார்கள். அந்த மைக் வீடியோ காலில் பேசுவதற்கானது. கீபோர்டு தட்டும் ஒலியையும் விசிறியின் இரைச்சலையும் சேர்த்தே அது பிடிக்கும். எவ்வளவு விலை உயர்ந்த ப்ராசசராக இருந்தாலும் மோசமாகப் பதிவான குரலை நல்ல குரலாக மாற்றித் தராது.

நான் சொல்லும் கணக்கு இது. உங்களிடம் 100 ரூபாய் இருந்தால் 60 ரூபாய் லேப்டாப்புக்கு. 15 ரூபாய் ஆடியோ இன்டர்பேஸுக்கு. 12 ரூபாய் மைக்கிற்கு. 8 ரூபாய் ஹெட்போனுக்கு. மீதி 5 ரூபாய் ஸ்டாண்டுக்கும் கேபிளுக்கும். ஆடியோ இன்டர்பேஸ் என்பது மைக்கிலிருந்து வரும் மின் அலையை எண்களாக மாற்றி, யு.எஸ்.பி. வழியாக லேப்டாப்புக்கு அனுப்பும் சிறிய பெட்டி. இரண்டு மைக் செருகும் வசதியுள்ளதாக வாங்கினால், பாடுபவருக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று எனப் பயன்படுத்தலாம்.

நீங்கள் செய்யப் போவது என்ன?

வீட்டு இசையில் இரண்டு வேலைகள் உள்ளன. ஒன்று, பாடுவதையும் வாசிப்பதையும் பதிவு செய்வது. மற்றொன்று, லேப்டாப்பிற்குள்ளேயே இருக்கும் வயலின், புல்லாங்குழல், தபேலா ஒலிகளைச் சிறிய கீபோர்டு மூலம் வாசித்து இசை அமைப்பது. இரண்டாவது வேலைக்கு 1983ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டில் உள்ள 'மிடி' என்னும் முறை உதவுகிறது. மிடி பைலில் ஒலி இருக்காது. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தமாக அழுத்தப்பட்டது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். அதைப் படித்து ஒலியை உருவாக்குவது லேப்டாப்பின் வேலை.

முதல் வேலைக்குச் சாதாரண லேப்டாப்பே போதும். இரண்டாவது வேலைக்குத்தான் ரேமும் ப்ராசசரும் அதிகம் தேவை. இரண்டில் எது உங்கள் வேலை என்று முடிவு செய்த பின்னரே கடைக்குச் செல்லவும்.

ரேம்

வயலின் போன்ற ஒலித் தொகுப்புகள் பெரும்பாலும் ரேமில் ஏற்றப்பட்டே ஒலிக்கின்றன. குரல் பதிவு மட்டும் என்றால் 8 ஜி.பி. போதும். இசை அமைக்க வேண்டுமானால் 16 ஜி.பி. வாங்கவும். இப்போது வரும் பல லேப்டாப்களில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்ற வைக்கப்பட்டிருக்கும். பின்னால் கூட்ட முடியாது. "கூடுதல் ரேம் போட ஸ்லாட் இருக்கிறதா?" என்று கடையில் கேட்டுவிடுங்கள். ஸ்லாட் இருந்தால் இப்போது 8 ஜி.பி. வாங்கி, அடுத்த அறுவடைக்குப் பின் இன்னொரு 8 ஜி.பி. சேர்த்துக் கொள்ளலாம்.

ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்.எஸ்.டி. வேண்டும்

பழைய ஹார்ட் டிஸ்க்கினுள் தட்டு சுழலும். அதன் ஒலி மைக்கில் விழும். மலைப்பாதைப் பேருந்தின் குலுக்கலும் அதற்கு ஆகாது. எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகம் இல்லை. சத்தமும் இல்லை, வேகமும் அதிகம்.

எவ்வளவு இடம் வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 48,000 சாம்பிள், 24 பிட் தரத்தில் ஒரு மைக்கின் பதிவு நிமிடத்திற்கு 8.64 எம்.பி. இடம் பிடிக்கும். ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 518 எம்.பி. இரண்டு மைக் வைத்து ஒரு மணி நேரம் கும்மி பதிவு செய்தால் 1 ஜி.பி.யைச் சற்றே தாண்டும். எனவே பதிவு மட்டும் செய்பவர்களுக்கு 256 ஜி.பி. போதும். ஒலித் தொகுப்புகள் வைத்திருப்பவர்கள் 512 ஜி.பி. வாங்கவும்.

ப்ராசசரும் விசிறியும்

இன்டெல் கோர் ஐ5, ஏ.எம்.டி. ரைசன் 5 ஆகியவற்றில் கடந்த சில ஆண்டுகளில் வந்த எதுவும் வீட்டு இசைக்குப் போதுமானது. கடைக்காரர் "மியூசிக்குக்கா? அப்படியானால் கேமிங் லேப்டாப் எடுங்கள்" என்று சொல்லக்கூடும். அவசரப்படாதீர்கள். கேமிங் லேப்டாப்பின் விலையில் பெரும்பகுதி கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிறது. இசை சாப்ட்வேருக்கு அது பெரும்பாலும் பயன்படாது. அதிகச் சூடு, அதிக விசிறிச் சத்தம், குறைந்த பேட்டரி நேரம் ஆகிய மூன்றும்தான் மிச்சம்.

2020ல் வந்த எம்1 மேக்புக் ஏர் முதல் அந்த வரிசை லேப்டாப்களில் விசிறியே கிடையாது. கராஜ்பேண்ட் என்ற இசை சாப்ட்வேரும் இலவசமாகக் கிடைக்கிறது. பட்ஜெட் இடம் கொடுத்தால் நல்ல தேர்வு. ஆனால் வாங்கிய பின் ரேமையும் உள் ஸ்டோரேஜையும் கூட்ட முடியாது என்பதை நினைவில் கொள்ளவும்.

சத்தம் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. காவலூரில் 1986ல் தொடங்கி வைக்கப்பட்ட 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கு மலையின் இருட்டு எவ்வளவு முக்கியமோ, மைக்கிற்கு மலையின் அமைதி அவ்வளவு முக்கியம். நகரத்தில் பணம் கொடுத்துச் சுவரை மூடி உண்டாக்கும் அமைதி இங்கு இரவில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை லேப்டாப் விசிறியே கெடுத்துவிடக் கூடாது அல்லவா?

தாமதம் என்னும் தொல்லை

கீபோர்டில் கட்டையை அழுத்துகிறீர்கள். ஒலி சற்றுப் பின்தங்கி வருகிறது. இதை லேட்டன்சி என்பார்கள். ஒலி காற்றில் ஒரு மில்லி செகண்டில் ஏறத்தாழ 34 செ.மீ. தூரம் செல்கிறது. 10 மில்லி செகண்ட் தாமதம் என்றால், பம்பைக்காரர் உங்களிடமிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று அடிப்பது போல. சமாளிக்கலாம். 30 மில்லி செகண்ட் என்றால் பத்து மீட்டர். தாளம் நழுவத் தொடங்கும்.

இதைச் சரி செய்ய சாப்ட்வேரில் 'பபர் சைஸ்' என்ற அமைப்பு உள்ளது. 48,000 சாம்பிளில் பபர் 128 என வைத்தால் தாமதம் சுமார் 2.7 மில்லி செகண்ட். 1024 என வைத்தால் சுமார் 21 மில்லி செகண்ட். மைக்கில் பாடி ஹெட்போனில் கேட்கும்போது ஒலி உள்ளே வரவும் வெளியே போகவும் இரண்டு முறை இந்தத் தாமதம் ஏற்படும். எனவே பதிவு செய்யும்போது 128, எல்லாவற்றையும் கலந்து மெருகேற்றும்போது 1024 என மாற்றிக் கொள்ளவும். பபரைக் குறைத்தால் 'டிக் டிக்' என்று ஒலி உடைகிறதா? 256க்கு உயர்த்துங்கள். விண்டோஸ் பயன்படுத்துபவர்கள் இன்டர்பேஸ் தயாரித்த நிறுவனமே தரும் 'ஆசியோ' டிரைவரைப் பதிந்திடவும். இன்டர்பேஸில் 'டைரக்ட் மானிட்டர்' பட்டன் இருந்தால், பாடுபவர் தன் குரலைத் தாமதமின்றிக் கேட்கலாம்.

கடையிலேயே சோதிக்க

1. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளை ஒரு சேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். இதில் பெர்பார்மன்ஸ் டேபில் மெமரி பகுதியில் ரேம் அளவைப் பார்க்கவும். டிஸ்க் பகுதியில் எஸ்.எஸ்.டி. என இருக்கிறதா எனக் கவனிக்கவும்.

2. பெரிய வீடியோ ஒன்றைப் பத்து நிமிடம் ஓட விட்டு, ஒலியை நிறுத்திவிட்டு, கீபோர்டு அருகே காதை வைத்து விசிறியைக் கேளுங்கள்.

3. யு.எஸ்.பி. துளைகள் குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும். ஒன்று இன்டர்பேஸுக்கு, மற்றொன்று கீபோர்டுக்கோ பென் டிரைவுக்கோ.

4. வாரண்டி சர்வீஸ் எந்த ஊரில் என்று கேட்கவும். வேலூரிலோ திருவண்ணாமலையிலோ இருந்தால் ஒரே நாளில் போய் வரலாம். சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றால் யோசியுங்கள்.

5. பழைய லேப்டாப் வாங்குவதானால் கூடுதல் கவனம் வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை ப்ராசசராவது தேவை.

மின்சாரமும் இன்டர்நெட்டும்

மலையில் காற்றடித்தாலே மின்சாரம் போகும். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் பாதிப் பாட்டில் பதிவு அறுந்து போகாது. இன்னொரு நன்மையும் உண்டு. எர்த் சரியில்லாத வீடுகளில் சார்ஜர் செருகியிருக்கும்போது 'ம்ம்ம்' என்ற ஒலி பதிவில் கலக்கும். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் பதிவு செய்தால் பல நேரங்களில் அது மறைந்துவிடும். அப்போது செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி சென்று, பவர் மோடை 'பெஸ்ட் பெர்பார்மன்ஸ்' என அமைத்திடவும். வை-பையையும் நிறுத்திவிடுங்கள்.

சாப்ட்வேர் வாங்கும்போது, இன்டர்நெட் இல்லாமல் திறக்குமா என்று பார்க்கவும். 2000ல் வெளியான ஆடாசிட்டி இலவசம். குரல் பதிவுக்கு எளிது. இசை அமைக்க ரீப்பர் நல்லது. 60 நாட்கள் சோதித்துப் பார்த்துவிட்டு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கு 60 டாலர் செலுத்தி உரிமம் பெறலாம். இலவசமாகவே வேண்டும் என்பவர்களுக்கு எல்.எம்.எம்.எஸ். உள்ளது.

வீட்டில் பழைய லேப்டாப் இருக்கிறதா?

2011ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த லேப்டாப் பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. இசை அமைக்க அது திணறும். ஆனால் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டி, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் பதிந்து, ஆடாசிட்டி போட்டுக் கொண்டால் இரண்டு மைக் பதிவைச் செய்துவிடும். என்னிடம் கற்கும் ஓர் இளைஞருக்கு இதைத்தான் சொன்னேன். புது லேப்டாப்புக்குச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியை மட்டும் மைக்கிற்கும் இன்டர்பேஸுக்கும் செலவழித்தார். மீதி அப்படியே இருக்கிறது. பாட்டியின் குரலில் இருபதுக்கும் மேற்பட்ட பாடல்கள் இப்போது அவரிடம் உள்ளன.

மைக் வைக்கும் முறை

பம்பை, பறை போன்ற உரத்த கருவிகளுக்கு டைனமிக் மைக் ஏற்றது. மெல்லிய குரலுக்குக் கண்டென்சர் மைக் நல்லது; அதற்கு இன்டர்பேஸில் 48 வோல்ட் பட்டனைப் போட வேண்டும். பாடுபவருக்குப் பின்னால் கயிறு கட்டி இரண்டு கம்பளிகளைத் தொங்க விட்டால் அறையின் எதிரொலி குறையும். தகரக் கூரை வீடானால் மழை நாளில் பதிவு வேண்டாம். ஒலி அளவு உச்சத்தைத் தொட்டுச் சிவப்பு விளக்கு எரியாதபடி குறைத்து வைக்கவும்.

வீட்டிலிருந்து உலகத்திற்கு

வீட்டில் செய்யும் இசை தரமாக வருமா என்ற தயக்கம் வேண்டாம். ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டு வளாகத்திலேயே பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தது 1989ல். 'ரோஜா' வெளிவந்தது 1992ல். அமெரிக்காவில் பில்லி ஐலிஷ் தன் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியை அண்ணனின் படுக்கையறையில் பதிவு செய்தார். அது 2020ல் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது.

கடைசியாக இரண்டு செய்திகள். பதிவு செய்யும் முன் பாடுபவரிடம் அனுமதி பெறுங்கள். அவர் பெயர், ஊர், தேதியை பைலின் பெயரிலேயே எழுதுங்கள். அன்றைய பதிவை அன்றே வேறு ஒரு டிஸ்க்கில் காப்பி செய்து, அதை உறவினர் வீட்டில் வைத்திடுங்கள். லேப்டாப் கெட்டுப் போனால் இன்னொன்று வாங்கலாம். பாடியவர் போய்விட்டால் அந்தப் பாட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.