ஷிப்ட் குறையும்போது வீட்டை நடத்துவது எப்படி?

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரே நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதனால் அடி நேராக பனியன் கம்பெனி வாசலில் வந்து விழுந்தது. ஊருக்கு இது புதிதல்ல. 2008 உலக மந்தம், 2011 சாயப்பட்டறை மூடல், 2016 பணமதிப்பிழப்பு, 2020 ஊரடங்கு என்று காரணம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். டைலர் வீட்டுக்கும் செக்கிங் போகும் பெண்ணின் வீட்டுக்கும் எல்லாமே சனிக்கிழமைச் சம்பளக் கவர் வழியாகத்தான் தெரியவரும். ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகும், பிறகு வாரத்தில் மூன்று நாள் வேலை என்றாகும்.

இந்த நேரத்தில் தைரியமாக இருங்கள் என்று சொல்பவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். கையில் எவ்வளவு இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று தெரியாத வீட்டில் தைரியம் இரண்டு நாள்கூடத் தங்காது. ஆகவே வரிசை இதுதான்: முதலில் பேச்சு, அடுத்து கணக்கு, அதன்பின் கடன். மனசுக்குத் தெம்பு இவற்றின் பின்னால்தான் வரும்.

1. முதல் வாரமே வீட்டில் சொல்லிவிடுங்கள்

வேலை இல்லை என்று சொல்ல மனசு வராமல், வழக்கம்போல் டிபன் பாக்ஸோடு கிளம்பி டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் பொழுதைக் கழிக்கும் ஆண்கள் உண்டு. குடும்பத்தைக் காப்பாற்றுவதாக அவர்கள் நினைப்பு. உண்மையில் வீட்டுக்கு மூன்றாவது நாளே தெரிந்துவிடும். அதன்பின் இரு பக்கமும் நடிப்பு, நடிப்பு அலுத்ததும் சண்டை.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு எல்லோரும் உட்காருங்கள். பெரிய பீடிகை வேண்டாம். "கம்பெனில ஆர்டர் கம்மி கண்ணு. கொஞ்ச நாளைக்குச் சம்பளம் பாதிதான் வரும். அம்மாவும் நானும் கணக்குப் போட்டு வெச்சிருக்கோம்" என்றால் போதும். சின்னப் பிள்ளைக்கு அதற்கு மேல் தேவையில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைக்குத் தொகையையே சொல்லலாம், அவர்களால் தாங்க முடியும். காப்பாற்ற முடியாத வாக்கு மட்டும் கொடுக்காதீர்கள். மளிகைக் கடையில் கடன் கேட்கவும், வசூலுக்கு வருபவரிடம் "அப்பா வீட்டுல இல்லீங்க" என்று சொல்லவும் பிள்ளைகளை அனுப்பவே கூடாது.

2. சனிக்கிழமைக் கணக்கு

வாரச் சம்பளக்காரர் மாத பட்ஜெட் போட்டால் இடறும். வாடகை மாதம் 5,000 ரூபாய் என்றால் கவர் வந்த அன்றே 1,250 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். அடுத்தது அரிசி, பால், மருந்து, பள்ளிச் செலவு, பஸ் காசு. மீதியில்தான் மற்றது. நோட்டுப் புத்தகம் ஒன்றே இருக்கட்டும், எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும்.

தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டை பக்கமிருந்து வந்து தங்கியிருக்கும் குடும்பங்கள் பல, அட்டை சொந்த ஊரில் இருப்பதால் ரேஷனை விட்டுவிடுகின்றன. தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைக்கு 2020 முதல் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டால் நன்றாகவே மிச்சமாகும்.

மொய்யைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கல்யாணம், காதுகுத்து, சீர் என்று அழைப்பு வந்துகொண்டேதான் இருக்கும். போகாமல் இருக்காதீர்கள், உறவு விட்டுப்போகும். மொய்யைக் குறைத்துவிட்டு முதல் நாளே போய்ப் பந்தியில் நின்று பரிமாறுங்கள். நினைவில் நிற்பது அதுதான்.

3. கடன்: யாரிடம் முதலில் பேசுவது?

வீடு உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: குழுக் கடன், நகைக் கடன், ஏலச்சீட்டு, தவணை வண்டி, கைமாற்று, யாருக்கும் தெரியாமல் வாங்கிய மீட்டர் வட்டியும்கூட. கணவனுக்குத் தெரியாமல் மனைவியும் மனைவிக்குத் தெரியாமல் கணவனும் வாங்கியவை அன்றைக்கு வெளிவரும். அன்றைக்குக் கோபம் வரும். எழுதி முடிக்கும் வரை யார் தப்பு என்று பேசுவதில்லை என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள்.

குழுக் கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்ற பெண்கள் தலையில் விழும், அவமானமும் அதனால்தான். தவணை நாளுக்குக் காத்திருக்காமல் குழுத் தலைவியிடம் முன்பே சொல்லுங்கள். நிறுவனத்திடம் தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள். சிறுகடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் வகுத்த விதிப்படி, குடும்பத்தின் மாதாந்திரக் கடன் தவணைகள் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகும்படி கடன் கொடுக்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கவும் கூடாது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதலே சட்டம் இருக்கிறது. விதி தெரிந்தவரிடம் வசூல்காரரின் குரல் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

நகையை அடகு வைத்தே ஆக வேண்டுமென்றால் கூட்டுறவு சங்கத்தையோ வங்கியையோ பாருங்கள். தெருமுனை அடகுக்கடை கடைசி. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவதை மட்டும் இந்த வீட்டில் செய்வதில்லை என்று முடிவெடுங்கள். பி.எஃப். பணத்தில் முதல் மாதமே கை வைக்க வேண்டாம். ஆனால் யு.ஏ.என். எண்ணோடு ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருக்கிறதா, பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அவசரத்தில் அதைத் திருத்த ஓடுவது பெரிய கொடுமை.

4. ஈ.எஸ்.ஐ.: 78 நாள்

பலர் கவனிக்காத ஒன்று. நோய்க்கால உதவித்தொகை பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் பங்களிப்பு இருக்க வேண்டும். அந்தக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை. வாரம் மூன்று நாள் வேலை என்றால் 26 வாரத்துக்குச் சரியாக 78. சம்பளமில்லாமல் ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும் தட்டிப்போகும். காலண்டரில் குறித்து வாருங்கள். வேலையே போய்விட்டால், சராசரி தினக்கூலியில் பாதியை 90 நாள் வரை தரும் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டம் ஈ.எஸ்.ஐ.யில் உண்டு. அவ்வப்போது நீட்டிக்கப்படுவது அது, நிபந்தனைகளும் உண்டு. கிளை அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

5. வேலை இல்லாத பகல்

காசு குறைந்ததைவிடப் பகல் நீண்டுபோவது ஆளை அதிகம் அரிக்கும். வேலைநாளில் எழும் நேரத்துக்கே எழுங்கள். மனைவிக்குச் செக்கிங் வேலை ஓடிக்கொண்டிருந்தால் அடுப்படி கணவனுடையது. இதில் பேச்சுக்கே இடமில்லை. ஆறு நாள் வேலைக்குப் போய்வந்து அவளே சமைக்கவும் வேண்டும் என்றால் அந்த வீட்டில் தெம்பு பற்றிப் பேசுவது வீண்.

சிங்கர் மெஷின் மட்டும் தெரிந்தவர் ஓவர்லாக், பேட்லாக் பழகிக்கொள்ள இதுதான் நேரம். கூட்டம் இல்லாத கம்பெனியில் மெஷின் சும்மா நிற்கும், தெரிந்த கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். ஏற்றுமதி படுத்தாலும் காதர்பேட்டைச் சந்தையை நம்பி ஓடும் உள்நாட்டு யூனிட்களில் தீபாவளி, பொங்கலுக்கு முன் ஆள் தேவைப்படும். கூலி கொஞ்சம் கம்மிதான், போங்கள். பிசிறு வெட்டும் வேலையை வீட்டுக்கு வாங்கி வரலாம். வேலை தர டெபாசிட் கேட்டால் மட்டும் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள், அது மோசடி.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை வெளியே போங்கள். நஞ்சராயன் குளத்துக்குப் பறவை பார்க்கப் போனால் பஸ் காசோடு முடியும்.

மது பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. குடியைச் சுருக்க முடியாத வீட்டில் மேலே சொன்ன கணக்கெல்லாம் நோட்டிலேயே நிற்கும். தூக்கமில்லாமை, யாரோடும் பேசாமை, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்ற பேச்சு ஆகியவை தெரிந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். 104 அல்லது 14416 உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

6. பிள்ளையைக் கம்பெனிக்கு அனுப்பாதீர்கள்

"கொஞ்ச நாளைக்குக் கைமடிக்கப் போகட்டும்" என்று ப்ளஸ் டூ பிள்ளையை நிறுத்தும் வீடுகள் உண்டு. அந்தக் கொஞ்ச நாள் பெரும்பாலும் முடிவதே இல்லை. தனியார் பள்ளிக் கட்டணம் முடியாவிட்டால் கல்வியாண்டு முடிந்ததும் அரசுப் பள்ளிக்கு மாற்றுங்கள், நடுவில் வேண்டாம்.

7. ஆர்டர் திரும்பும்போது

முதல் முழுச் சம்பளத்தில் செல்போன் மாற்றத் தோன்றும். வட்டி அதிகமான கடனை முதலில் முடியுங்கள், அதன்பின் நகையை மீட்கலாம். ஒன்றரை ஷிப்ட் ஓடும் வாரங்களில் அந்த அரை ஷிப்ட் கூலியை வீட்டுச் செலவில் சேர்க்காதீர்கள். அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். ஒரு மாத வாடகையும் ஒரு மாத மளிகையும் சேரும் வரை அதில் போட்டு வாருங்கள்.