பாம்பன் பாலமும் எங்கள் படலையும்

தலைமன்னாரில் கப்பலேறி இந்தியா போய்வந்த பெரியவர்கள் பாம்பன் பாலத்தை அறிவர். 1914 பெப்ரவரி 24இல் திறக்கப்பட்ட அப்புகையிரதப் பாலம் ஏறத்தாழ 2 கிலோமீற்றர் நீளமானது. கப்பலுக்கு வழிவிட அதன் உருக்குச் சட்டகம் நடுவே பிரிந்து மேலெழும்பும். தொழிலாளரே கையால் அதை உயர்த்தினர்.

1964 டிசெம்பரில் வட இலங்கையைக் கடந்து சென்ற சூறாவளி, பாலத்தின் உத்திரங்கள் பலவற்றைக் கடலில் தள்ளியது. நடுச் சட்டகமோ நின்றது. 46 நாட்களில் பாலம் திருத்தப்பட்டு, 2022 வரை புகையிரதம் ஓடியது.

அச்சட்டகம் முழுவதும் முக்கோணங்கள். ஏன்? நான்கு தடிகளைச் சதுரமாக்கி, மூலைக்கு ஓர் ஆணி அடித்துத் தள்ளிப் பாருங்கள், சரிந்துவிடும். மூலைக்கு மூலை இன்னொரு தடி அடித்தால் சரியாது. முக்கோணம் உருமாற, ஒரு தடி நீளவோ குறுகவோ வேண்டுமல்லவா?

படலை தொங்குவதும் இதனாலேயே. குறுக்குத்தடியைப் பிணைச்சல் பக்கக் கீழ்மூலையிலிருந்து எதிர்ப்பக்க மேல்மூலைக்கு அடியுங்கள். பாரம் தடியை அமுக்கும். கம்பியென்றால் மாறாக, பிணைச்சல் பக்க மேல்மூலையிலிருந்து எதிர்ப்பக்கக் கீழ்மூலைக்கு. கம்பி இழுவையைத் தாங்கும், அமுக்கத்தைத் தாங்காது. விசுவமடுப் பக்கம் மாறிக் கட்டிய படலைகளும் உண்டு!

கொட்டில் போடுவோர் கப்புகளை ஆழ நாட்டினால் போதுமென்று எண்ணுகின்றனர். போதாது. ஒவ்வொரு மூலைக் கப்பிலிருந்தும் இருபக்க வளைகளுக்கும் சாய்வாகத் தடி வையுங்கள். நான்கு மூலைக்கும் எட்டுத் தடி. காட்டுமரம் தேட வேண்டாம்; காய்ந்த பூவரசந்தடி போதும். ஆணி இல்லாவிட்டால் கம்பியால் இறுக்கலாம். கார்த்திகை மழைக்கு முன் செய்யுங்கள்.