தனியார் காப்புறுதியால் எல்லோருக்கும் மருத்துவம் கிட்டுமா?

நோய் வந்தால் வயலை ஈடு வைப்பதும், நகையை அடகு வைப்பதும், படகு இயந்திரத்தை விற்பதும் எமது கிராமங்களுக்குப் புதிதல்ல. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசந்தான். ஆயினும் வெளியே வாங்கச் சொல்லும் மருந்து, தனியார் நிலையத்தில் செய்யவேண்டிய இரத்தப் பரிசோதனை, ஸ்கான், நகரத்துக்குப் போய்வரும் வாகனக் கூலி, நோயாளியுடன் நிற்பவர் இழக்கும் நாட்கூலி என்பன இலவசமல்ல. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஏற்பட்ட மருந்துத் தட்டுப்பாடு இச்சுமையை எல்லோருக்கும் உணர்த்தியது.

இத்தகைய வேளைகளில் “தனியார் காப்புறுதி பரவினால் அரசின் பாரம் குறையும், எல்லோருக்கும் மருத்துவம் கிடைக்கும்” என்ற கருத்து முன்வைக்கப்படுவதுண்டு. இதனை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ முன்னர், காப்புறுதி எவ்வாறு இயங்குகின்றது என்பதையும், பிற நாடுகள் பெற்ற அனுபவத்தையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

1. காப்புறுதியின் அடிப்படை

எமது ஊர்களிலுள்ள மரண உதவிச் சங்கங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு குடும்பமும் மாதந்தோறும் சிறுதொகை செலுத்துகின்றது. சாவு நிகழ்ந்த வீட்டுக்குச் சங்கம் உதவுகின்றது. பலரின் சிறு பணம் ஒருவரின் பெருஞ்செலவைத் தாங்குகின்றது. மருத்துவக் காப்புறுதியின் அடிப்படையும் இதுவே. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சாவு எல்லா வீட்டுக்கும் வரும். நோயோ சில வீடுகளுக்கு அடிக்கடி வரும், சில வீடுகளை எட்டியும் பாராது. தம் வீட்டில் நோய் உண்டா, இல்லையா என்பதை அவ்வீட்டாரே முதலில் அறிவர்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓர் ஊரில் 100 குடும்பங்கள். ஆண்டுதோறும் 5 குடும்பங்களுக்குத் தலா 2 இலட்சம் ரூபா மருத்துவச் செலவு ஏற்படுகின்றது. மொத்தம் 10 இலட்சம். எல்லோரும் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் கட்டுப்பணம் 10,000 ரூபா. இப்போது நல்ல சுகத்தோடிருக்கும் 40 குடும்பங்கள் “எங்களுக்கு இது எதற்கு?” என்று விலகுகின்றன. செலவு குறையவில்லை. எஞ்சிய 60 குடும்பங்களும் தலா 16,600 ரூபாவுக்கு மேல் கட்டவேண்டும். அது அதிகமென்று மேலும் 20 குடும்பங்கள் விலகினால், எஞ்சிய 40 குடும்பங்களுக்குத் தலா 25,000 ரூபா. இப்படியே போனால் நோயாளர் மட்டுமே மிஞ்சுவர், நிதியமும் முறிந்துவிடும்.

பொருளியலாளர் இதனைப் பாதகமான தேர்வு என்பர். 1970இல் ஜோர்ஜ் அக்கர்லொவ் என்ற அமெரிக்க அறிஞர் பழைய மோட்டார் வாகனச் சந்தையை உதாரணங்காட்டி இதை விளக்கினார். முதியோர் காப்புறுதி பெறுவதற்குச் சிரமப்படுவதும் இதனாலேயே என்று அவர் சுட்டிக்காட்டினார்.

இந்த முறிவைத் தவிர்க்கக் கம்பனி என்ன செய்யும்? விண்ணப்பத்தில் நோய் விபரம் கேட்கும். ஏற்கெனவே உள்ள நோய்களை விலக்கும். வயது கூடக் கட்டுப்பணத்தையும் கூட்டும். இது ஒரு முகாமையாளரின் கல்நெஞ்சினால் வருவதன்று. சட்டம் கட்டுப்படுத்தாத சந்தையில், தனித்து இரக்கம் காட்டும் கம்பனியிடமே நோயாளர் அனைவரும் சேர்வர், அது நட்டமடையும். ஆயினும் விளைவு ஒன்றே: மருத்துவம் மிக அதிகமாகத் தேவைப்படுபவர் வாசலுக்கு வெளியே நிற்கின்றார்.

2. சிலி நாடு

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் 1981இல், பினோச்சே ஆட்சிக்காலத்தில், தனியார் காப்புறுதி நிறுவனங்கள் அரச நிதியத்துக்கு மாற்றாக அனுமதிக்கப்பட்டன. தொழிலாளர் தம் சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் செலுத்தும் பங்கை அரச நிதியத்துக்கோ தனியார் நிறுவனத்துக்கோ கொடுக்கலாம். தனியார் நிறுவனங்கள் வயதையும் பாலையும் பார்த்து விலை வைத்தன. பிள்ளைப்பேற்று வயதுப் பெண்கள் கூடுதலாகக் கட்ட நேர்ந்தது. 1990களின் நடுப்பகுதியில், உச்சநிலையிற்கூட, மக்களுள் ஏறத்தாழக் காற்பங்கினரே தனியாரிடம் இருந்தனர். வசதியும் சுகமும் உள்ளோர் அங்கே; வறியோரும் முதியோரும் அரச நிதியத்தில். 2005இல் நடைமுறைக்கு வந்த சட்டம், குறிப்பிட்ட நோய்களுக்கான சிகிச்சையை இரு தரப்பும் உறுதிப்படுத்த வேண்டுமென விதித்தது. 2010இல் அரசியலமைப்பு மன்றம் வயது, பால் அடிப்படையிலான விலையிடலுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

3. நெதர்லாந்து

இங்கும் தனியார் நிறுவனங்களே காப்புறுதி வழங்குகின்றன. ஆனால் விதிகள் வேறு. 2006இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி ஒவ்வொருவரும் அடிப்படைக் காப்புறுதி பெறுதல் கட்டாயம். விண்ணப்பிக்கும் எவரையும் நோயைக் காரணங்காட்டி நிறுவனம் மறுக்க முடியாது. ஒரே திட்டத்துக்கு இளைஞருக்கும் முதியவருக்கும் ஒரே கட்டுப்பணம். 18 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டுப்பணம் இல்லை. வருமானம் குறைந்தோருக்கு அரசு உதவிப்பணம் தருகின்றது. நோயாளர் அதிகமுள்ள நிறுவனத்துக்குப் பொது நிதியத்திலிருந்து ஈடு கிடைக்கின்றது. எனவே நோயாளரை ஒதுக்குவதால் வரும் இலாபம் பெரிதும் குறைகின்றது. சுவிற்சர்லாந்தில் 1996இல் நடைமுறைக்கு வந்த சட்டம், அடிப்படைக் காப்புறுதியில் இலாபம் ஈட்டுவதையே தடைசெய்தது.

4. இந்தியாவும் கானாவும்

இந்தியா 2008இல் வறிய குடும்பங்களுக்கான தேசிய காப்புறுதித் திட்டமொன்றைத் தொடங்கியது. கட்டுப்பணத்தை மத்திய, மாநில அரசுகள் செலுத்தின. குடும்பம் பதிவுக்கு 30 ரூபா மட்டுமே கொடுத்தது. ஆண்டுக்கு 30,000 ரூபா வரை வைத்தியசாலைச் செலவு ஈடுசெய்யப்பட்டது. கோடிக்கணக்கானோர் அட்டை பெற்றனர். ஆனால் வார்டில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே அது உதவியது. வெளிநோயாளர் சிகிச்சையும் நாளாந்த மருந்தும் பெரும்பாலும் அதில் அடங்கவில்லை. ஏழைக் குடும்பத்தின் கையிலிருந்து பணம் அதிகம் போவது அவ்வழியிலேதான்.

ஆபிரிக்காவின் கானா நாட்டில், இன்கொரான்சா என்னுமிடத்தில், கத்தோலிக்க மறைமாவட்ட வைத்தியசாலையொன்று 1992இல் இலாபநோக்கற்ற காப்புறுதித் திட்டமொன்றைத் தொடங்கியது. நோயுற்றவரை மட்டும் சேர்ப்பதைத் தடுக்க, முழுக் குடும்பமும் பதிய வேண்டுமென்பது விதி. பலர் பயனடைந்தனர், ஆயினும் மாவட்டத்தின் பெரும்பான்மையோர் சேரவில்லை. 2003இல் கானா தேசிய சுகாதாரக் காப்புறுதிச் சட்டத்தை இயற்றி, அதற்கென 2.5 வீத விசேட வரியை விதித்தது. நல்ல மனமும் ஊர் ஒற்றுமையும் மட்டும் போதாது, பொதுப் பணமும் வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம்.

5. நாம் பெறும் முடிவு

தனியார் காப்புறுதி தானாக எல்லோரையும் அணைத்துக்கொள்வதில்லை. எல்லோரும் சேர்வது கட்டாயமாக்கப்பட்டு, எவரையும் மறுக்க முடியாதெனச் சட்டம் இருந்து, ஏழையின் பங்கை அரசு செலுத்துமிடத்தே அது பயன் தருகின்றது. இம்மூன்றும் இல்லாவிடில் அது வசதியுள்ளோருக்கான மேலதிக வசதியாகவே நின்றுவிடும்.

எமது நாட்டில் மாதச் சம்பளம் இல்லாத விவசாயியிடமும் மீனவரிடமும் ஒழுங்காகக் கட்டுப்பணம் அறவிடுதல் கடினம். பொது வரியால் நடக்கும் இலவச வைத்தியசேவையோ வருமானமும் நோயும் பாராது எல்லோரையும் ஏற்கின்றது. ஆதலால் அதனைப் பேணுவதே முதற்கடமை. காப்புறுதி அதற்குத் துணையாகலாம், மாற்றாகாது. பிரதேச வைத்தியசாலையில் மருந்து இல்லாதபோது, “காப்புறுதி எடுங்கள்” என்பது நியாயமான பதிலன்று.

6. கையொப்பமிடுமுன் முகவரிடம் கேட்கவேண்டியவை

- ஏற்கெனவே உள்ள சலரோகம், இரத்த அழுத்தம், இருதய நோய் என்பன அடங்குமா?
- சேர்ந்து எத்தனை மாதங்களின் பின் உரிமை கோரலாம்?
- வெளிநோயாளர் சிகிச்சைக்கும் மருந்துக்கும் பணம் கிடைக்குமா?
- எந்த வயதுடன் காப்பு முடிவடையும்? கட்டுப்பணம் கூடுமா?
- அறுவடை பிந்தி ஒரு தவணை தவறினால் என்னவாகும்?
- பத்திரம் தமிழில் தரப்படுமா?

குழுக் கலந்துரையாடலுக்கு

1. கடந்த ஓராண்டில் உங்கள் ஊர்க் குடும்பங்கள் மருத்துவத்துக்காகப் பட்ட கடன் எவ்வளவு? அது வார்டில் தங்கியதால் வந்ததா, மருந்தாலும் பயணத்தாலும் வந்ததா?
2. உங்கள் மரண உதவிச் சங்கம் வைத்தியசாலைப் பயணச் செலவுக்கும் உதவ முடியுமா? அதற்கு எத்தனை குடும்பங்கள் சேரவேண்டும்?
3. உங்கள் பிரதேச வைத்தியசாலையில் அடிக்கடி தட்டுப்படும் மருந்துகள் எவை? அப்பட்டியலை யாரிடம், எவ்வாறு கையளிக்கலாம்?