நீருள்ளதும் நீரற்றதும்: வீட்டில் அழகுப் பொருள் செய்வோர்க்கு ஒரு வழிகாட்டி

குழந்தையின் குளியலுக்கு நலங்கு மாவையும், தலைக்குத் தைலத்தையும், முகத்துக்குக் கற்றாழைக் கூழையும் வீட்டிலேயே செய்துகொள்ளும் பழக்கம் மீண்டும் தழைத்து வருவதும், அவற்றை அக்கம்பக்கத்தாருக்கு விற்றுக் குடும்பத்துக்குச் சிறு வருவாய் தேடும் பெண்கள் பெருகி வருவதும் மனத்துக்கு உகந்த காரியங்களே. ஆயினும், புட்டியின்மேல் 'பிரிசர்வேடிவ் இல்லாதது' என்று ஒட்டிவிட்டாலே அது தூய்மைக்குச் சாட்சியாகிவிடும் என்ற எண்ணம் அபாயகரமானது. ஒரு பொருளுக்குச் சத்தியமாக இருக்கும் அந்தச் சொல், மற்றொரு பொருளுக்குத் தீங்காக முடியும். எதற்கு எது என்பதை நிர்ணயிப்பது, அதனுள்ளே நீர் இருக்கிறதா என்ற ஒரே கேள்விதான். நுண்ணுயிர்கள் நீரின்றிப் பெருகுவதில்லை.

மாவு

முதன்முதலாகச் செய்ய விரும்புகிறவர்கள் மாவிலிருந்து தொடங்குவதே உசிதம். பச்சைப் பயறு, ஆவாரம்பூ, ரோஜா மொக்கு, வெட்டிவேர், பூலாங்கிழங்கு, கார்போக அரிசி முதலியவற்றை, ஒடித்தால் 'படக்'கென்று ஒடியும்வரை உலர்த்தி அரைத்தால், அதற்கு வேறு காப்பு வேண்டியதில்லை. ஆனால் மில்லில் நமக்கு முன் மிளகாய் அரைத்தார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காமல் அரைத்த மாவு குழந்தையின் உடம்பில் பட்டால் எரியும். அரைத்த சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியின் உட்புறம் வேர்த்து, அந்தத் துளிகளே பூஞ்சைக்கு இடமாகும். ஆகையால் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, ஈரக் கை படாமல் எடுத்து வைக்க வேண்டும்.

தைலம்

மூலிகைச் சாற்றை எண்ணெயில் காய்ச்சும்போது நம் முன்னோர் பதம் பார்த்ததன் தாத்பரியம், சாற்றிலுள்ள நீர் முழுதும் வெளியேறிவிட்டதா என்று அறிவதேயாகும். அடியில் தங்கிய கற்கத்தை, அதாவது மூலிகை வண்டலை, சிறிது எடுத்து விரலால் திரியாகத் திரித்துத் தீயில் காட்டினால், ஈரம் இருக்குமட்டும் சடசடவென்று வெடிக்கும். ஈரம் வற்றிய பிறகு ஓசையின்றி எரியும். அந்த நிலையில் இறக்கி வடித்த தைலத்துக்கும் பிரிசர்வேடிவ் தேவையில்லை. நாளடைவில் அதற்கு வரக்கூடிய குறை காறல் வாடை. அதைத் தாமதப்படுத்துவதற்கே வைட்டமின் ஈ பயன்படுகிறது. அது காற்றினால் எண்ணெய் கெடுவதைத் தடுக்குமே அன்றிக் கிருமியைத் தடுக்காது.

கூழும் பன்னீரும்

கற்றாழைக் கூழ், பன்னீர் கலந்த பூச்சு, நீரும் எண்ணெயும் சேர்த்துக் கடைந்த கிரீம் ஆகியவையே மிகுந்த கவனத்தை வேண்டுபவை. கற்றாழை மடலை வெட்டியதும் நிமிர்த்தி வைத்து, தோலை உறுத்தும் மஞ்சள் நீரை வடியவிட்ட பிறகே சோற்றை எடுக்க வேண்டும். ஒருமுறை நான் செய்து அலமாரியில் வைத்திருந்த கூழில், ஆறாம் நாள் மூடியின் விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் கண்டேன்; முந்திய நாள் காலையிலும் அதை முகத்தில் பூசியிருந்தேன். வாடையும் நிறமும் மாறுவதற்கு வெகு முன்பே கிருமிகள் பெருகிவிடுகின்றன என்பதை அன்று உணர்ந்தேன். சூடோமோனாஸ் போன்ற கிருமி கண்ணில் சேர்ந்தால் கருவிழியையே புண்ணாக்கக்கூடும்.

இவற்றுக்கு இரண்டு வழிகள் உண்டு. வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்றால், சிறிதளவே செய்து குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடலாம். அல்லது ஐஸ் தட்டில் உறையவிட்டு ஒவ்வொரு கட்டியாக எடுத்துக்கொள்ளலாம். பிறருக்குக் கொடுப்பதென்றால் பிரிசர்வேடிவ் சேர்ப்பதே தர்மம். சோடியம் பென்சோவேட்டும் பொட்டாசியம் சார்பேட்டும் கலவையின் பி.எச். ஏறத்தாழ 5-க்குக் கீழே இருந்தால்தான் நன்கு வேலை செய்யும், ஆகவே பி.எச். தாளால் சோதிப்பது அவசியம். பினாக்சிஎத்தனால் அவ்வளவு பி.எச். பார்ப்பதில்லை, ஆனால் பூஞ்சையிடம் அதன் வலிமை குறைவாதலால் துணையொன்றோடு சேர்ப்பது வழக்கம். அதன் உச்ச அளவு 100 கிராமுக்கு 1 கிராம். ஆகையால் கரண்டிக் கணக்கு உதவாது, நுட்பமான தராசு வேண்டும். வேப்பெண்ணெயோ நறுமண எண்ணெயோ சில துளி விட்டால் போதும் என்று நம்புவது சரியன்று.

எங்கே வாங்குவது?

நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்குவதைவிட, வேரையும் பூவையும் கிழங்கையும் முழுதாக வாங்குவது நன்று; முழுப் பொருளைக் கண்ணும் மூக்கும் அடையாளம் காணும், பொடியில் அது இயலாது. கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் வேறு கிழங்கின் வில்லைகள் விற்கப்படுவதுண்டு. மருதாணி இலை செம்மையைத் தரும், கருமையைத் தருவதில்லை. 'கறுப்பு மருதாணி' என்பதில் பெரும்பாலும் பி.பி.டி. என்ற சாயம் கலந்திருக்கும். அது சிலருடைய தோலைக் கொப்புளிக்கச் செய்யும். பிரிசர்வேடிவ்களையோ, பெயரற்ற பொட்டலத்தில் மறுபடி கட்டியதாக வாங்காமல், தொகுதி எண்ணும் காலாவதி நாளும் பகுப்பாய்வுச் சான்றும் தரும் கடையில் மட்டுமே வாங்க வேண்டும்.

புட்டியின்மேல் என்ன எழுதுவது?

விற்பனைக்காகச் செய்வதற்கு 2020-ஆம் ஆண்டின் அழகு சாதன விதிகளின்படி உரிமம் பெற வேண்டும். உள்ளடங்கிய பொருள்களையும் காலாவதி நாளையும் குறிப்பிட வேண்டும். 'படையைப் போக்கும்' என்று எழுதினால் அது மருந்துக்குரிய உரிமையைக் கோருவதாகும். நீருள்ள பொருள் ஆறு மாதம் கெடாது என்று சொல்ல விரும்புவோர், கிருமிகளை வேண்டுமென்றே கலந்து 28 நாள் கவனிக்கும் ஆய்வகச் சோதனையை முதலில் செய்விக்க வேண்டும்.

ஆதலால், சிரமமும் செலவும் குறைவாக இருக்க வேண்டுவோர் மாவைத் தேர்ந்துகொள்க. பொறுமையும் பதமும் கைவந்தோர் தைலத்தைத் தேர்ந்துகொள்க. கூழும் கிரீமும் தராசும் பி.எச். தாளும் சோதனையும் கொண்டோர்க்கே உரியவை. எதைச் செய்தாலும், செய்த நாளைப் புட்டியின்மேல் மறவாமல் எழுதுங்கள். வாங்குகிறவருக்கு எந்தப் புகழுரையைக் காட்டிலும் அந்தத் தேதியே பிரயோஜனமானது.