மருந்துக் கவுண்டரில் வாய் திறந்து கேளுங்கள்



டாக்டரைப் பார்க்க இரண்டு மணி நேரம் காத்துக் கிடக்கிறோம். ஆனால் மருந்து வாங்கும் கவுண்டரில் இரண்டு நிமிடம்கூட நிற்பதில்லை. மருந்தாளுநர் பையை நீட்டி, மலாயில் நாலு வார்த்தை சொல்லி, "ஃபாஹாம்?" என்று கேட்கிறார். "ஃபாஹாம், ஃபாஹாம்" என்று தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டுகிறோம். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினால், எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று ஒன்றும் விளங்குவதில்லை.

இது நம்ம ஆட்களுக்கு மட்டும் உள்ள குறை அல்ல. 2019-இல் நாடு முழுவதும் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சுகாதார விவரங்களைப் புரிந்துகொள்வது சிரமமாக இருப்பது தெரிய வந்தது. ஆகவே, "எனக்கு விளங்கலை" என்று சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

காலை என்றால் எந்தக் காலை?

இனிப்பு நீருக்குக் கொடுக்கும் கிளிக்லசைட் மாத்திரையைப் பாருங்கள். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைத்து, ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இறக்குகிறது. அதைப் போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். பையில் "காலை, சாப்பாட்டுக்கு முன்" என்று எழுதியிருக்கும். எழுதியவருக்குக் காலை என்பது ஏழு மணிப் பசியாறல். பால் வெட்டப் போகிறவருக்கோ விடியுமுன் ஒரு வரக்கோப்பிதான். பசியாறப் பத்து மணி ஆகிவிடும். வெறும் வயிற்றில் அந்த மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போனால் என்ன ஆகும்? வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண் இருட்டும், பேச்சுக் குழறும். கையில் கத்தியோடு நிரையில் தனியாக விழுந்தால் பார்ப்பது யார்?

உங்கள் வேலை நேரம் மருந்தாளுநருக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். "நான் அஞ்சு மணிக்கு வேலைக்குப் போறேன், பத்து மணிக்குத்தான் சாப்பிடுவேன். இதை எப்போ போடுறது?" இந்த ஒரு கேள்வி போதும். அவர் சரியான நேரத்தைச் சொல்லுவார். தேவைப்பட்டால் டாக்டரிடமும் பேசுவார். நீங்களாக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

மேலே சொன்ன அறிகுறிகள் கண்டால், உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை குடியுங்கள். தெளிந்ததும் சாப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

பையில் எழுதியிருப்பது என்ன?

1. "செபெலும் மாக்கான்" என்றால் சாப்பாட்டுக்கு முன். "செலெபாஸ் மாக்கான்" என்றால் சாப்பிட்ட பின்.

2. "3 காலி செஹாரி" என்றால் ஒரு நாளைக்கு மூன்று வேளை. மூன்றையும் ஒரே வேளையில் விழுங்குவது அல்ல.

3. "பிலா பெர்லு" என்றால் தேவைப்படும்போது மட்டும். வலி இல்லாவிட்டால் வேண்டாம்.

4. "ஹாபிஸ்கான்" என்றால் கொடுத்ததை முழுக்க முடிக்க வேண்டும். காய்ச்சல் விட்டதென்று பாதியில் நிறுத்தி, மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

படிக்கத் தெரியாதவர்கள், பையின் மேல் சூரியனும் நிலாவும் வரைந்து தரச் சொல்லுங்கள். தயங்காமல் வரைந்து தருவார்கள்.

நிறத்தை நம்பாதீர்கள்

"வெள்ளை மாத்திரை பிரஷருக்கு, மஞ்சள் மாத்திரை கொழுப்புக்கு" என்று நம்மில் பலர் நிறத்தை வைத்தே அடையாளம் வைத்திருக்கிறோம். கிளினிக்கில் சரக்கு மாறும்போது அதே மருந்து வேறு கம்பெனியிலிருந்து வரும். நிறமும் வடிவமும் மாறிவிடும். புது மருந்து என்று நினைத்து, வீட்டில் மிச்சமிருக்கும் பழையதையும் சேர்த்துப் போட்டால் இரண்டு பங்காகிவிடும். பழைய பைகளை எடுத்துப் போய்க் காட்டி, "இது போன மாசம் கொடுத்ததா, வேற மருந்தா?" என்று கேளுங்கள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பழமொழி. விருந்துக்குச் சரி. ரத்தக் கொதிப்புக்கும் இனிப்பு நீருக்கும் அது சரிப்படாது. உடம்பு நன்றாக இருப்பதே மருந்து வேலை செய்வதால்தான். டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

திருப்பிச் சொல்லுங்கள்

நல்ல மருந்தாளுநர் "விளங்கிச்சா?" என்பதோடு விடமாட்டார். "வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்பார். இவர் என்ன நமக்குப் பரீட்சை வைக்கிறார் என்று கோபப்படாதீர்கள். தாம் சொன்னது உங்களுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்றுதான் அவர் பார்க்கிறார். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிக் காட்டுங்கள். பிசகு இருந்தால் அங்கேயே திருத்திவிடலாம்.

பாஷை தெரியாவிட்டால் படித்த பிள்ளையைக் கூட்டிப் போங்கள். அதற்கும் வழியில்லையா? முதல் வேளை மருந்தைப் போடுமுன் பையோடு தோட்ட ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லுகிறோம்.