குறை கூறும் முறை

சிறிய மென்பொருள் குழுவிலும், ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் படித்துப் பார்த்த பின்னரே பயன்பாட்டிற்கு அனுப்புவது நல்ல வழக்கம். இதனை நிரல் மதிப்பாய்வு என்பர். எழுதியவர் காணாத பிழை படிப்பவர் கண்ணுக்குப் புலப்படும். எனவே, குறை கூறுதல் இத்தொழிலில் அன்றாடக் கடமையாகும். அக்கடமையை எவ்வாறு ஆற்றுவது?

‘பிறந்த தேதி நிரப்பப்படாத படிவத்தையும் இந்நிரல் ஏற்றுக்கொள்கிறது, ஒரு சோதனையைச் சேர்க்க வேண்டும்’ என்று கூறுவது ஒரு முறை. ‘இதுகூடத் தெரியாதா உனக்கு?’ என்று கேட்பது மற்றொரு முறை. முதற்கூற்று பிழையைக் காட்டுகிறது. இரண்டாம் கூற்று ஆளைப் புண்படுத்துகிறது. பிழை எது என்பதைக் கூறவே இல்லை. சுடுசொல் கேட்டவர் மறுமுறை ஐயம் கேட்கத் தயங்குவார். தம் பிழையை மறைக்கவும் முற்படுவார். மருத்துவமனையின் மருந்துப் பட்டியலிலோ தொடர்வண்டிப் பயணச்சீட்டிலோ அப்பிழை தங்கிவிட்டால், துன்புறுவோர் பொதுமக்களே.

பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991ஆம் ஆண்டில் லினக்ஸ் என்னும் மென்பொருளைத் தொடங்கினார். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உட்கருவாக இன்று இருப்பதும் அதுவே. பல நாட்டு நிரலர்கள் மின்னஞ்சல் வழியே அதனை வளர்த்தனர். தரத்தில் டோர்வால்ட்ஸ் காட்டிய கண்டிப்பைப் போலவே, அவருடைய மின்னஞ்சல்களின் கடுமையும் பலராலும் பேசப்பட்டது. 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் பணியிலிருந்து ஒதுங்கியிருந்தார். அம்மாதத்திலேயே லினக்ஸ் குழு நன்னடத்தை விதிகளை ஏற்றது. அதன் பின்னரும் மதிப்பாய்வு நின்றுவிடவில்லை. பிழையுள்ள நிரல் இன்றும் திருப்பி அனுப்பப்படுகிறது. மரியாதை என்பது குறையை மூடி மறைப்பதன்று. ஆளை விடுத்துப் பணியைப் பேசுவதாகும்.

குழுவினர் பேணத்தக்க பிற நெறிகளும் உண்டு. மூத்தவர் எழுதிய நிரலையும் இளையவர் ஆராயலாம். பிறர் பேசும்போது இடைமறித்தல் ஆகாது. ஏற்ற பணியை முடிக்க இயலாதெனில் முன்னரே தெரிவித்தல் வேண்டும். உதவியவர் பெயரை மறவாது குறிப்பிடுதல் வேண்டும். குழுவில் இருவர் தமிழராயினும், தமிழறியாத மூன்றாமவர் உடனிருக்கையில் அவருக்கும் புரியும் மொழியில் உரையாடுதலே பண்பு.

அருஞ்சொற்பொருள்
நிரல் – கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதி
மதிப்பாய்வு – நிறைகுறைகளை ஆராய்தல்
இடைமறித்தல் – நடுவே தடுத்தல்

பயிற்சி
1. சுடுசொல் கேட்டவர் பிழையை மறைக்க முற்படுவது ஏன்? அதனால் விளையும் தீங்கு யாது?
2. நண்பர் வரைந்த வரைபடத்தில் ஓர் அளவு தவறாக உள்ளது. ‘உன் வேலையே இப்படித்தான்!’ என்னும் கூற்றைப் பண்புடன் மாற்றி எழுதுக.
3. பிரித்து எழுதுக: அக்கடமை, நன்னடத்தை, இந்நிரல்.
4. திருக்குறளின் ‘இனியவை கூறல்’ அதிகாரத்திலிருந்து இப்பாடத்திற்குப் பொருந்தும் குறள் ஒன்றைத் தேர்ந்து, பொருளுடன் எழுதுக.