டைல்ஸ் வாங்கப் போகிறீர்களா?

1. மாதிரி டைலில் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது வழுக்காத பளபளப்பு, ஈரத்தில் காலை வாரிவிடும். குளியலறைக்கும் பெரியவர்கள் நடமாடும் இடத்துக்கும் மேட் ஃபினிஷ்தான் சரி. அங்கே அழகு பார்க்காதீர்கள்.

2. இரண்டு டைல்களை முகத்தோடு முகம் சேர்த்துப் பிடியுங்கள். இடைவெளி தெரிந்தால் வளைவு இருக்கிறது. பதித்தபின் விளிம்பு காலில் இடறும்.

3. எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண், ஷேட் எண் ஒன்றாக இருக்கட்டும். ஒரே மாடலானாலும் பேட்ச் மாறினால் நிறம் மாறலாம்.

4. தரையளவைவிட 10 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். வெட்டும்போது சேதாரம் உண்டு. மிஞ்சியதைப் பரணில் வையுங்கள். பின்னால் ஒன்று உடைந்தால் அதே டைல் கடையில் கிடைப்பது அரிது.

5. பிரிக்காத பெட்டியைத் திரும்ப எடுப்பார்களா? பணம் கட்டுமுன் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.